இருபத்திமூன்றாம் அதிகாரத்தில் வந்தவள்

என் மனைவி யூஜினி ஏழு வருடங்களாக ஓர் அமெரிக்கரோடு குடித்தனம் நடத்தினாள். அவர் செத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பெயர் ஐசக் தோர்ன்பரி. அமெரிக்காவின் எல்லைப்புறக் காடுகளை வைத்து முதன்முதலில் நாவல் எழுதியவர்களில் ஒருவர் என்று யூஜினி சொல்வாள். அவருடைய நாவல் ஒன்றை அவள் தமிழாக்கிய அந்த வருடங்களில், கனடாவில் மில்லிக்கனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க அவருக்குத்தான். நான் பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

நான் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. பெயர் கிளிபோட். மிசிசாகா பக்கம் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவன். ஆனாலும் தோர்ன்பரியைப் பற்றிக் கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். ஒரே வீட்டில் இருக்கிற மனிதரின் சங்கதி காதில் விழாமல் போகுமா?

அமெரிக்காவின் சுதந்திரப் போர் முடிந்த கையோடு அவருடைய தகப்பன், ஒன்ராரியோ ஏரிக்கு அந்தப் பக்கத்தில் காடு தறித்து ஊர் அமைக்கப் போனார். தோர்ன்பரி பிறந்தது அங்கேதான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தாய் அவரைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு மனுசன் சாகும்வரை காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. நகரத்து மாடி அறையில், குதிரைவண்டிச் சத்தம் கேட்கக்கூடாது என்று யன்னலைச் சாத்திக்கொண்டு பதினொரு நாவல்கள் எழுதினார். எல்லாமே காட்டைப் பற்றியவை. வேட்டைக்காரர், குடியேறிகள், அங்கே முதலிலிருந்து வாழ்ந்த பூர்வகுடிகள் என்று எல்லாரும் அவற்றில் வருகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலும் அவற்றைப் படித்து ஆட்கள் அழுதார்களாம்.

காட்டுக்குப் போகாத மனிதருக்குப் பூர்வகுடிகளின் கதைகள் எங்கிருந்து கிடைத்தன? அவர் வீட்டில் துணி துவைக்க வந்த ஒரு பூர்வகுடிக் கிழவிதான் சொன்னாள். அவள் துணி மடிக்கும்போது இவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கேட்பார். மேலே போய்த் தான் கண்ணால் கண்டது போல எழுதுவார். அந்தக் கிழவியின் பெயர் எங்கேயும் இல்லை. யூஜினி தேடாத இடமில்லை. அந்தப் பெயர் கிடைக்காத கோபத்தில் இரண்டு நாட்கள் மேசைப் பக்கமே போகாமல் இருந்தாள்.

ஒருமுறை அவர் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கார் ஓட்ட வைத்தாள். பாலத்தைக் கடந்ததும் எல்லை அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். செத்துப்போன எழுத்தாளர் ஒருவருடைய வீட்டைப் பார்க்க என்று இவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். இப்படியான இடங்களில் உண்மையைச் சொல்லாதே என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். காரின் பின்பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன.

போய்ப் பார்த்தால் வீடு இல்லை. அந்த இடத்தில் கார்ச் சில்லுகளுக்கு ரயர் மாற்றுகிற கடை ஒன்று. கார்கள் நிறுத்துகிற இடத்தின் ஓரத்தில், 'இந்த வனத்துக்குக் குரல் கொடுத்தவர் இங்கே பிறந்தார்' என்று எழுதிய பித்தளைத் தகடு ஒன்று மட்டும் இருந்தது. கடைக்காரப் பொடியனுக்கு அது யாரென்று தெரியவில்லை. நூறு வருடம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திப் படிக்க வைத்த புத்தகங்களாம். பிறகு, பூர்வகுடிகளை இவர் வெறும் கடதாசி மனிதர்களாகச் செய்துவிட்டார் என்று சொல்லி எடுத்துவிட்டார்களாம். யூஜினி தகட்டைப் படம் எடுத்தாள். பிறகு ரயர் கடையைச் சுற்றி நடந்து எதையோ தேடினாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். இங்கே ஒரு கிணறு இருந்திருக்கும் என்றாள். விசர் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு காரைத் திருப்பினேன்.

அவள் மொழிபெயர்த்த நாவலுக்குத் தமிழில் 'தறித்த காடு' என்று பெயர் வைத்தாள். ஒரு குடியேறிக் குடும்பம் காட்டுக்குள் வருகிறது, மரம் தறிக்கிறது, வீடு கட்டுகிறது. இருபதாவது அதிகாரத்தில் பூர்வகுடிகள் தோணிகளில் ஏறி மேற்கே போய்விடுகிறார்கள். அதன் பிறகு ஒரு கலியாணம், ஒரு தேவாலயம், ஒரு மாவு ஆலை என்று கதை சுபமாகப் போகிறது. இருபதாவது அதிகாரம் முடித்த நாளில் யூஜினி பேனையை மேசையில் எறிந்துவிட்டு, "இப்பிடிச் சத்தம் போடாமல் ஆராவது போவினமோ?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அமெரிக்கரிடம்தான் கேட்டாள்.

புத்தகத்தை வெளியிட முன்வந்தவர் உமாபதி. தமிழ்நாட்டிலிருந்து வந்து மிசிசாகாவில் கணினி வேலை செய்கிறவர். அவர் நடத்துகிற வாசகர் வட்டத்துக்கு யூஜினி தவறாமல் போவாள். நல்ல மனிதர், கொஞ்சம் கறாரானவர். வேலையில் பிழை பிடித்துப் பிழை பிடித்து அதுவே சுபாவமாகிவிட்டது. அச்சுக்கு அனுப்ப முதல் ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, அழைப்பிதழும் போன பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் அவசரமாகச் சந்திக்க வேண்டும் என்று எங்களைக் கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டார்.

"மேடம், இருபத்திமூணாவது அதிகாரத்துல ஒரு பக்கம் மூலத்துலயே இல்ல. நான் மூணு பதிப்பு பார்த்துட்டேன்," என்றார்.

யூஜினி கோப்பிக் குவளையின் மூடியைத் திறந்து மூடினாள். உமாபதி அந்தப் பக்கத்தைத் தணிந்த குரலில் வாசித்தார். அப்படி ஒரு பக்கம் இருப்பது எனக்கு அப்போதுதான் முதன்முதலாகத் தெரியவந்தது.

மேற்கே போன பூர்வகுடிகளில் ஒருத்தி பல வருடங்கள் கழித்துத் தனியாகத் திரும்பி வருகிறாள். அவளுடைய வீடு இருந்த இடத்தில் இப்போது குடியேறிகளின் வீடு இருக்கிறது. குடியேறியவனின் மனைவி வாசலுக்கு வருகிறாள். இருவருக்கும் பொது மொழி இல்லை. வந்தவள் கையைக் குவித்துத் தண்ணீர் கேட்கிறாள். மற்றவள் முற்றத்துக் கிணற்றில் அள்ளிக் கொடுக்கிறாள். அந்தக் கிணற்றை வெட்டியது வந்தவளின் தகப்பன். 'தண்ணீர் இனித்தது' என்று எழுதியிருந்தது. அவள் மெதுவாகக் குடித்து முடித்து, பாத்திரத்தைக் கிணற்றடியில் அலசி, வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான்.

உமாபதி பிழைகளை அடுக்கினார். நாவலில் இருபதாவது அதிகாரத்துக்குப் பிறகு பூர்வகுடிகள் ஒருவருமே வருவதில்லை. அந்த மக்கள் கிணறு வெட்டியதற்கு அவர் தேடிய வரைக்கும் ஆதாரம் இல்லை, ஆற்றிலும் ஊற்றிலும்தான் தண்ணீர் எடுத்தார்கள். பாத்திரத்தை அலசிக் கவிழ்த்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்தப் பெண் செம்பைக் கவிழ்த்து வைத்ததை என் கண்ணால் கண்டவன் நான்.

யூஜினியின் ஊர் மன்னார்ப் பக்கத்தில் காட்டை ஒட்டிய ஓர் எல்லைக் கிராமம். அவளுடைய தகப்பன் அமிர்தநாதர் அங்கே பற்றைகளை வெட்டி, கிணறு தோண்டி, வீடு கட்டினார். சண்டை தொடங்கிய காலத்தில் ஒரு காலைப்பொழுதில் ஊர் முழுவதும் உடுத்த உடுப்போடு ஓடியது. பிறகு வேறு இடத்திலிருந்து வேறு மொழி பேசுகிற ஆட்களைக் கொண்டுவந்து அங்கே இருத்தினார்கள். போர் முடிந்து நாங்கள் இங்கேயிருந்து ஊருக்குப் போனபோது அந்தப் பக்கமாக வாடகை வான் வண்டி ஒன்று பிடித்துப் போனோம். இரண்டு பேருமாக உள்ளே போகவேண்டாம் என்று சாரதி சொன்னதால் நான் அவளுடைய வீட்டின் வெளிவாசல் படலையடியில் நின்றேன். யூஜினி மட்டும் உள்ளே போனாள். அவளுடைய வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்தாள். யூஜினி கையைக் குவித்துக் காட்டினாள். அந்தப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். யூஜினி அவ்வளவு மெதுவாகத் தண்ணீர் குடித்து நான் கண்டதில்லை. அலசினாள், கவிழ்த்து வைத்தாள், வந்து வானில் ஏறி, போவோம் என்றாள். முகம் பூட்டிய கதவு மாதிரி இருந்தது. அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

கோப்பிக் கடையில் உமாபதி ஒரு வழி சொன்னார். அந்தப் பக்கத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று கடைசியில் யூஜினியின் பெயரிலேயே போடலாம். அதுதான் நேர்மை. தோர்ன்பரி எழுதாததைத் தோர்ன்பரியின் பெயரில் போட்டால் அது பொய்.

"தம்பி, அந்தாள் காணாததெல்லாத்தையும் கண்டதெண்டு எழுதினவர். உடுப்புத் தோய்க்க வந்த கிழவியின்ரை கதையை எடுத்துத் தன்ரை பேரைப் போட்டவர். அதுக்கு நீங்கள் முன்னுரை எழுதியிருக்கிறியள்," என்றாள் யூஜினி.

"அது அவர் செஞ்ச தப்பு, மேடம். நம்ம ஏன் செய்யணும்? உங்க பேரைப் போட்டு எழுதுங்க."

"என்ரை கதையெண்டு போட்டால் எல்லாரும் உச்சுக் கொட்டுவினம். மேடையிலை ஏத்திப் பொன்னாடை போடுவினம். எனக்கு அது வேண்டாம். இந்தப் புத்தகத்திலை, கலியாணத்துக்கும் மாவு ஆலைக்கும் நடுவிலை, அவள் ஒருக்காத் திரும்பி வரவேணும். அவ்வளவுதான். அந்தப் பக்கம் இல்லையெண்டால் புத்தகமும் வேண்டாம்."

சொல்லிவிட்டு எழுந்து காருக்குப் போய்விட்டாள். ஏழு வருட உழைப்பைக் குப்பையில் போடுவேன் என்று அவள் சொன்னால் போடுவாள். நான் கலியாணம் முடித்த பெண்ணை எனக்குத் தெரியும்.

உமாபதி என்னோடு வெளியே வந்தார். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டார். வாகனத் தரிப்பிடத்தில் நின்றபடி, நான் படலையடியில் கண்டதைச் சொன்னேன். அவர் காருக்குள் முன் ஆசனத்தில் நேராக இருந்த யூஜினியைப் பார்த்தார்.

"இதை என்கிட்ட அவங்க ஏன் சொல்லல, சார்?"

"தம்பி, என்னட்டையே சொல்லேல்லை," என்றேன்.

இரண்டு நாள் கழித்து உமாபதி தொலைபேசி எடுத்தார். பக்கம் இருக்கட்டும். ஆனால் அவருடைய மனச்சாட்சிக்காக, பதிப்பு விபரங்கள் போடுகிற உட்பக்கத்தில், 'மொழிபெயர்ப்பாளரின் சில சேர்ப்புகளுடன்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போடுவார். யூஜினி சம்மதித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ்ப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எழுத்துக் கோர்த்தவரைத் தவிர வேறு யார் படிக்கிறார்கள்?

விழா ஸ்காபரோவில், மளிகைக் கடை ஒன்றுக்கு மேலே இருந்த மண்டபத்தில் நடந்தது. அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு நானும் வந்தவர்களுக்குச் சாப்பிட வாங்கிய ரோல்ஸ் பெட்டியும்தான் அங்கே இருந்தோம். ஒரு மணித்தியாலம் பிந்தி எல்லாரும் வந்தார்கள். போரில் இறந்துபோனவர்களுக்காக வழக்கம்போல எழுந்து மௌனம் காத்தோம். கனடா கீதமும் தமிழ்த்தாய் வாழ்த்தும் பாடினார்கள். கரோலின் என்ற பல்கலைக்கழக மாணவி, நாங்கள் கூடியிருக்கும் இந்த நிலம் எந்தெந்தப் பூர்வகுடிகளுடையது என்று ஆங்கிலத்தில் ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள். இங்கே எந்த விழாவிலும் வாசிப்பதுதான். ஆட்கள் அந்த நேரத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டார்கள். நானும்தான்.

ஆய்வுரை றெமிஜியஸ் மாஸ்டர். ஸ்காபரோவில் எந்தப் புத்தகம் வெளிவந்தாலும் ஆய்வுரை அவர்தான். குரல் வெண்கலம். தோர்ன்பரியின் பிறப்பு, வளர்ப்பு, பதினொரு நாவல்கள் என்று உமாபதியின் முன்னுரையையே கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினால் உச்சத்துக்குப் போகிறார் என்று அர்த்தம்.

இருபத்திமூன்றாம் அதிகாரத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை முழுவதும் வாசித்தார். நன்றாக வாசித்தார், அதை மறுக்க முடியாது. 'தண்ணீர் இனித்தது' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"இந்த ஒரு பக்கத்துக்காகவே தோர்ன்பரிக்கு நாங்கள் சிலை வைக்கலாம்," என்றார் மாஸ்டர். "இருநூறு வருடங்களுக்கு முன்னர், நிலம் பறித்தவனின் பிள்ளை, நிலம் இழந்தவளுக்காக அழுதிருக்கிறான். இதுவல்லவோ மேதைமை! இன்னொருவனால் இதைக் கற்பனை செய்ய முடியுமா?"

மண்டபம் கைதட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

துணி துவைத்த கிழவியின் கதையை விழுங்கிய மனிதர், இப்போது என் மனைவியின் கதையையும் விழுங்கிவிட்டு ஏவறை விடுகிறார். செத்தும் அந்த மனுசன் பழக்கத்தை விடவில்லை. மேடையில் உமாபதி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கத்தலாமா என்று பார்த்தேன். யூஜினியின் முகத்தைப் பார்த்ததும் கதிரையில் அழுத்தி உட்கார்ந்தேன். அன்றைக்கு வானில் ஏறியபோது இருந்த அதே முகம்.

ஏற்புரைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மண்டபம் தந்தவருக்கும் ஒலிவாங்கி பிடித்தவருக்கும்கூட நன்றி சொன்னாள். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டது கிடைத்துவிட்டதே, அந்தப் பெண் புத்தகத்துக்குள் திரும்பி வந்துவிட்டாளே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

கேள்வி ஏதும் உண்டா என்று உமாபதி சம்பிரதாயத்துக்குக் கேட்டார். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள், ரோல்ஸ் ஆறிப்போகும். பின்வரிசையில் எமில்டா எழுந்தாள். போன வருடம்தான் மன்னாரிலிருந்து வந்தவள், எங்கள் கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிற பிள்ளை.

"அன்ரி, அந்தப் பொம்பிளை, அது தன்ரை வீடெண்டு ஏன் சொல்லேல்லை?"

றெமிஜியஸ் மாஸ்டர் ஒலிவாங்கியை நோக்கிக் கையை நீட்டினார். பூர்வகுடிகளின் மௌனத்தின் தத்துவம் பற்றி அவரிடம் ஏதோ தயாராக இருந்திருக்க வேண்டும். யூஜினி ஒலிவாங்கியை விடவில்லை. எமில்டாவின் பக்கம் திரும்பினாள்.

"அவ கேக்கேல்லை," என்றாள். "நீ ஆர் எண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். எங்களுக்குள்ள ஒரு மொழி இல்லைத்தான், எண்டாலும் கையைக் காட்டியெண்டாலும் சொல்லியிருப்பன். கேப்பா எண்டுதான் தண்ணியை மெல்ல மெல்லக் குடிச்சன். செம்பு முடியுமட்டும் பாத்தன். கேக்கேல்லை."

விழாத் தொடக்கத்தில் காத்த மௌனத்தைவிட இது நீண்டது. இதற்கு யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் தொலைபேசியைப் பார்க்கவுமில்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டினார். சின்ன எழுத்து வரியைக் கண்டுபிடித்ததும் அதில் விரலை வைத்தபடி அப்படியே இருந்தார். எமில்டா உட்கார மறந்து நின்றாள். யூஜினி அவளுக்குத் தலையசைத்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் அமர்ந்தாள்.

பொன்னாடை கொண்டுவந்தவர்கள் போடுவதா விடுவதா என்று தெரியாமல் உமாபதியைப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

வீட்டுக்குப் போகும்போது ஸ்டீல்ஸ் வீதியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் எங்களுக்காகவே விழுந்தது. விற்றது போக மிஞ்சிய புத்தகங்கள் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தன. நான் தொண்டையைச் செருமினேன். அன்றைக்கு ஊரில் வானுக்குள் வைத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் புத்தகத்திலிருந்தே தொடங்கினேன்.

"தண்ணி இனிச்சதெண்டு எழுதியிருக்கிறாய். உண்மையாவோ?"

அவள் யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்லை, உவர்," என்றாள். "அப்பா வெட்டின நாள் தொடக்கம் உவர்தான். வீட்டிலை அதைக் குடிக்கிறேல்லை, குளிக்கத்தான் எடுக்கிறது. அந்த மனுசி அதைத்தான் குடிக்கிறா போல."

எங்கள் வீதிக்குத் திரும்பவேண்டிய இடம் வந்தது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்ததால் நான் திருப்பாமல் நேராக ஓட்டினேன்.